கடைசி மாதங்களில் இருப்பவரைச் சந்திக்கும் குழுவுக்கு வழிகாட்டி: விசுவாசமும் நம்பிக்கையும் எந்தச் செயலாக வெளிப்பட வேண்டும்?

உட்லண்ட்ஸ் வீட்டுக்குழு எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். சிங்கப்பூரில் எங்கள் சபையின் தமிழ் ஆராதனையில் நான்கு வீட்டுக்குழுக்கள் இருக்கின்றன. நோயாளிகளைச் சந்திக்கும் பணிக்கு இரண்டு பக்கத்தில் ஒரு வழிகாட்டி தயாரிக்கச் சொல்லி மூப்பர்கள் கேட்டிருக்கிறார்கள். முக்கியமாக, குணமாக வாய்ப்பில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்ட நோயாளிகளுக்காக.

எழுத உட்கார்ந்தால் கருத்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு தரப்பு, "உயில் எழுதுவதும் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டத்தில் (கடைசிக் காலப் பராமரிப்பு பற்றிய விருப்பப் பதிவு) கையெழுத்துப் போடுவதும் அவிசுவாசம். சுகத்தை அறிக்கையிட்டு ஜெபிப்பதுதான் நம் வேலை" என்கிறது. இன்னொரு தரப்பு, "ஜெபிப்போம், ஆனால் குடும்பத்துக்கு ஆக வேண்டிய காரியத்தையும் பார்ப்போம்" என்கிறது. நடுவில் போய்வருகிறவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மூன்று பாட்டு, நீண்ட ஜெபம், ஒரு டீ, புகைப்படம் என்று சந்திப்பு முடிந்துவிடுகிறது.

எனக்கு வேண்டியது பொதுவான ஊக்க வார்த்தை இல்லை. படுக்கையருகே என்ன செய்வது, என்ன செய்யக்கூடாது? பத்திரங்கள் விஷயத்தில் சபை எதுவரை போகலாம்? உதவி மாதக்கணக்கில் நிற்க என்ன ஏற்பாடு? குடும்பத்தில் பாதிப் பேர் இந்துக்களாக இருந்தால் எப்படி நடந்துகொள்வது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

படுக்கையருகே (ஹாஸ்பிஸ் எனும் இறுதிக்காலப் பராமரிப்புத் தொண்டூழியர்களுக்குப் பயிற்சி அளிப்பவர்) எழுதியது:

முதலில் அழைப்பு. யாக்கோபு 5:14-ஐ எல்லாரும் எண்ணெய்க்காகவே மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த வசனத்தில் மூப்பர்களை வரவழைப்பவர் வியாதிப்பட்டவர் என்பதைக் கவனியுங்கள். அதனால் போவதற்கு முன் குடும்பத்தில் ஒருவருக்குச் செய்தி அனுப்பி, "இன்றைக்கு வரலாமா, எந்த நேரம் தோது?" என்று கேட்டு, பதில் வந்த பிறகு கிளம்புங்கள். "வேண்டாம்" என்று வந்தால் அதற்குக் காரணம் கேட்காதீர்கள்.

போகிறவர்கள் இரண்டு பேர் போதும். ஒருவராவது நோயாளியின் பாலினமாக இருக்கட்டும். 15 முதல் 20 நிமிடம். வாசனைத் திரவியம் வேண்டாம், கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) எடுப்பவருக்குச் சாதாரண வாசனையே குமட்டலைக் கிளப்பும். சளி, தொண்டைக் கரகரப்பு இருந்தால் வீட்டிலேயே இருங்கள். உள்ளே போனதும் கை கழுவுங்கள். கட்டிலில் உட்காராமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கண்மட்டத்துக்கு வாருங்கள். நின்றுகொண்டே பேசினால் எப்போது கிளம்புவார்களோ என்ற எண்ணம்தான் அவருக்கு வரும்.

பேச்சில் மூன்று வாக்கியங்களை வழிகாட்டியிலேயே தடை செய்துவிடுங்கள்: "ஒன்றும் ஆகாது, நல்லாயிடுவீங்க", "ஏதாவது பாவம் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்", "விசுவாசம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்". முதலாவது அவர் மனதில் உள்ள பயத்தைச் சொல்லவிடாமல் வாயை அடைக்கிறது. இரண்டாவது யோபுவின் நண்பர்கள் செய்த வேலை. அந்த நண்பர்கள் முதல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து பேசாமல் இருந்தார்கள், அதுவரை சரியாகத்தான் இருந்தார்கள். மூன்றாவது நோயின் பாரத்தோடு குற்ற உணர்வையும் ஏற்றுகிறது.

அதற்குப் பதிலாகக் கேளுங்கள்: "இன்றைக்கு எது அதிகக் கஷ்டமாக இருக்கிறது?" "எதற்காக ஜெபிக்கட்டும்?" பதில் பல சமயம் நாம் நினைத்ததாக இருக்காது. இரவில் தூக்கம் வர வேண்டும், மகன் என்ன ஆவான், தம்பியோடு பேசாமல் இருக்கிறேன், மலச்சிக்கல் தாங்கவில்லை. கேட்டதற்காகவே ஜெபியுங்கள், இரண்டு நிமிடத்தில் முடியுங்கள். வேதவாசிப்புக்குச் சங்கீதம் 23, 121, 130 போதும், மெதுவாக. மருத்துவமனை வார்டில் பாட்டு வேண்டுமானால் பக்கத்துப் படுக்கைக்காரரை நினைத்து முணுமுணுப்பாக ஒரே ஒரு பாட்டு.

நம்பிக்கையின் பெயரால் உண்மையிலேயே தீங்கு நடக்கும் இடங்கள் மூன்று. இவற்றைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

காய்ச்சல்: கீமோ எடுப்பவருக்கு 38 டிகிரி அல்லது அதற்கு மேல் வந்தால் உடனே அவசரப் பிரிவு. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது கிருமித்தொற்று சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். "ஜெபித்துவிட்டுக் காலையில் பார்க்கலாம்" என்று சொல்லக் குழுவில் யாருக்கும் உரிமை இல்லை. டாக்ஸியில் போகும் வழியில் ஜெபியுங்கள்.

மார்ஃபின்: "அது கொடுத்தால் அவ்வளவுதான், பழக்கமாகிவிடும்" என்ற பயம் தமிழ்க் குடும்பங்களில் அதிகம். மருத்துவர் சொன்ன அளவில் வலிக்காகக் கொடுக்கும்போது அடிமையாவது அரிது. மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும். அதனால் மலமிளக்கியும் சேர்த்தே எழுதிக் கொடுப்பார்கள், அதை நிறுத்தக்கூடாது. முதலில் வரும் குமட்டல் பெரும்பாலும் சில நாளில் அடங்கும். நேரத்துக்குக் கொடுக்கும் மருந்து வேறு, நடுவில் வலி ஏறினால் கொடுக்கும் கூடுதல் அளவு வேறு. இரண்டையும் எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கச் சொல்லுங்கள். வலியைத் தாங்குவது பரிசுத்தம் என்று யாரும் போதிக்கக் கூடாது. வலி அடங்கினால்தான் அவரால் ஜெபிக்கவும் பிள்ளைகளோடு பேசவும் முடியும்.

சாப்பாடு: கடைசி வாரங்களில் பசி குறைவது நோயின் போக்கு. கஞ்சியை வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். விழுங்கச் சிரமப்படுபவருக்கு நீரைக் கெட்டியாக்கும் மாவு கலந்துதான் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் பாசத்தோடு கொண்டுபோகும் ரசம் ஆபத்தாகலாம். கேட்காமல் எதையும் வாயில் கொடுக்காதீர்கள். உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றுவது, கை கால்களில் கிரீம் தடவுவது யாரும் செய்யக்கூடியவை, அவருக்கு இதமானவை.

கடைசி மணி நேரங்களில் மூச்சு விட்டுவிட்டு வரும், தொண்டையில் கரகரப்பு கேட்கும். பார்ப்பவருக்கு இருக்கும் வேதனை பெரும்பாலும் அவருக்கு இருக்காது. அவர் காதில் விழுகிறது என்று எண்ணியே பேசுங்கள். சொத்துப் பேச்சை அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

---

வேதபாடம் எழுதியது:

பத்திரம் எழுதுவது அவிசுவாசமா என்ற கேள்விக்கு வேதத்திலேயே நேரடியான பதில் இருக்கிறது.

இரண்டாம் இராஜாக்கள் 20. சாகும் நிலையில் நோயுற்றிருந்த எசேக்கியா ராஜாவிடம் தீர்க்கதரிசி ஏசாயா, வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்தச் சொல்கிறார். ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபிக்கிறார். 15 ஆண்டுகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. அப்படியும் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் புண்ணில் வைக்கவைக்கிறார். ஒழுங்கு, ஜெபம், மருந்து மூன்றும் ஏழே வசனத்துக்குள். நாம் ஏன் அவற்றை மூன்று கட்சிகளாகப் பிரிக்கிறோம்?

எபிரெயர் 11-ஆம் அதிகாரம் விசுவாசிகளின் பட்டியல். அதில் யோசேப்பைப் பற்றி எழுத எவ்வளவோ இருந்தது: சிறை, கனவு, பஞ்சகாலத் தானியம். அந்த ஆசிரியர் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். தன் எலும்புகளை என்ன செய்ய வேண்டும் என்று கட்டளை கொடுத்தாரே, அது. அதாவது சாவதற்கு முன் விட்டுப்போன அடக்கக் குறிப்பு. அதுதான் விசுவாசச் செயலாக எண்ணப்படுகிறது, ஏனென்றால் தேவன் சொன்னபடி தன் ஜனம் எகிப்தை விட்டுப் போகும் என்று அவர் நம்பினார்.

எரேமியா 32-ஐயும் சேர்த்துப் படியுங்கள். எருசலேம் முற்றுகையில் கிடக்கிறது, தீர்க்கதரிசி காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள், முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. நெடுநாள் இருக்கும்படி இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லித் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுக்கிறார். வருங்காலத்தை உறுதியாக நம்பியவர் இவ்வளவு நுணுக்கமாகப் பத்திரம் செய்கிறார். சிலுவையில் தொங்கும்போதே இயேசு தம் தாயை யாரிடம் ஒப்படைப்பது என்பதை முடித்துவிட்டுத்தான் ஜீவனை விட்டார்.

கிறிஸ்தவ நம்பிக்கை மருத்துவர் சொன்ன காலக்கெடு பொய்யாகும் என்ற எதிர்பார்ப்பின் மேல் நிற்கவில்லை. கிறிஸ்து எழுந்தார், நாமும் எழுவோம் என்பதன் மேல் நிற்கிறது. அது எந்த ஸ்கேன் முடிவாலும் கூடுவதோ குறைவதோ இல்லை. அதனால்தான் உண்மையைக் கேட்க அதற்குத் தெம்பு இருக்கிறது. பவுல் உயிர்த்தெழுதலைப் பற்றி 1 கொரிந்தியர் 15-இல் அவ்வளவு நீளமாக எழுதி எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் பாருங்கள்: "கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராதென்று அறிந்து". அடுத்த அதிகாரத்தின் முதல் வரியே எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கை, வாரத்தின் முதல்நாள்தோறும் எடுத்துவைக்கும் முறை. உயிர்த்தெழுதலிலிருந்து பணப்பைக்கு ஒரே அடிதான்.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் கொள்ளைநோய் பரவியபோது அலெக்சாந்திரியாவின் ஆயர் தியொனீசியு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. விசுவாசிகள் நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்து, பிணங்களைக் கழுவி அடக்கம் செய்து, தாங்களும் மாண்டதை அதில் சொல்கிறார். சாவுக்கு அப்பால் ஒன்று இருக்கிறது என்று நம்பியவர்கள் சாகக் கிடப்பவரின் அருகே போக முடிந்தது. உங்கள் குழு செய்வதும் அதே வேலைதான்.

---

சாட்சிக் கையெழுத்து (சட்ட அலுவலக ஊழியர்) எழுதியது:

மேலே சொன்னதற்குச் சிங்கப்பூர் விவரங்களைச் சேர்க்கிறேன். சபை ஆலோசனை சொல்லலாம், பத்திரத்தை எழுதிக் கொடுக்கக் கூடாது. யாருக்கு எவ்வளவு என்ற பேச்சில் குழுவினர் வாய் திறக்கவே கூடாது. சபைக்கே ஏதாவது எழுதி வைக்க அவர் விரும்பினால், அந்தச் சபையைச் சேராத வழக்கறிஞரிடம் அனுப்புங்கள்.

அவசர வரிசை இதுதான். முதலில் எல்பிஏ (Lasting Power of Attorney). ஒருவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் திறனை இழந்தால், அவர் சார்பில் பணம், பராமரிப்பு விஷயங்களைப் பார்க்க ஆள் நியமிக்கும் பத்திரம் அது. 21 வயது நிரம்பியவர், தெளிவான மனநிலையில் இருக்கும்போதே செய்ய வேண்டும். அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ வழக்கறிஞரோ மனநல மருத்துவரோ சான்றளிக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள்: புற்றுநோய் மூளைக்குப் பரவிய பிறகு, அல்லது குழப்பநிலை வந்த பிறகு, யாரும் சான்றளிக்க மாட்டார்கள். அப்புறம் குடும்பம் நீதிமன்றம் போய் அனுமதி வாங்க வேண்டும். அதற்குப் பணமும் மாதங்களும் ஆகும். எல்பிஏ இறப்போடு முடிந்துவிடும், அது உயிலுக்கு மாற்று ஆகாது.

அடுத்து மத்திய சேம நிதி (மசேநி) நியமனம், அதாவது அந்தச் சேமிப்பு யாருக்குப் போக வேண்டும் என்று பெயர் குறிப்பது. உயிலில் எழுதினாலும் மசேநி பணம் அதில் அடங்காது. நியமனம் இல்லையென்றால் பணம் பொது அறங்காவலர் வழியாகச் சட்டப்படி பிரிக்கப்படும், கட்டணமும் பிடிப்பார்கள். திருமணம் செய்தால் பழைய நியமனம் ரத்தாகிவிடும், மணவிலக்கு ஆனால் ரத்தாகாது. இந்த இரண்டாவதைப் பலர் அறியாமல், பிரிந்துபோன துணைக்கே முழுத்தொகையும் போய்விடுகிறது. அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக இணையத்திலேயே செய்யலாம். இரண்டு சாட்சிகள், 21 வயதுக்கு மேல், நியமனம் பெறாதவர்கள்.

உயில்: எழுதுபவருக்கு 21 வயது. இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் அருகில் இருந்து கையெழுத்திட வேண்டும். உயிலில் பங்கு பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருந்தால் அந்தப் பங்கு செல்லாது. வீட்டுக்குழுத் தலைவரைச் சாட்சியாக்கி, உயிலில் அவருக்கும் நன்றிப் பரிசு எழுதுவது இப்படித்தான் கெட்டுப்போகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு கூட்டு உரிமையில் இருந்தால் உயிருடன் இருப்பவருக்குத் தானாகவே போகும், உயிலுக்கு அங்கே வேலை இல்லை. உயிலே இல்லாமல் மனைவி, பிள்ளைகளை விட்டு இறந்தால் பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்கு. பெற்றோருக்குச் சட்டப்படி எதுவும் கிடையாது. ஊரில் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமும் முன்கூட்டிய மருத்துவ உத்தரவும் வெவ்வேறு. முதலாவது ஓர் உரையாடல்: எது தனக்கு முக்கியம், எங்கே கடைசி நாள்களைக் கழிக்க விருப்பம், தன் சார்பில் மருத்துவரிடம் பேசுவது யார் என்று பதிவுசெய்வது. சட்டக் கட்டாயம் இல்லை, எப்போதும் மாற்றலாம். இரண்டாவது 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியானது. குணப்படுத்த முடியாத நோயில் நினைவிழந்த நிலையில், உயிரை மட்டும் இழுத்துப் பிடிக்கும் அசாதாரணச் சிகிச்சை வேண்டாம் என்பது. இரண்டு சாட்சிகளில் ஒருவர் மருத்துவராக இருக்க வேண்டும். வலி நீக்கும் பராமரிப்பை அது நிறுத்தாது. உயிரைப் போக்கிக்கொள்ளும் ஏற்பாடும் அது இல்லை. யாரையும் இதில் கையெழுத்திட வற்புறுத்தக் கூடாது, சபை உட்பட.

---

ஜெப அறை எழுதியது:

இங்கே எழுதியதில் பெரும்பகுதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு பயம் இருக்கிறது. இப்படியே போனால் வழிகாட்டி முழுக்க நர்ஸ் வேலையும் வக்கீல் வேலையுமாகி, தேவன் இன்றும் சுகமாக்குகிறார் என்று கேட்டு ஜெபிக்கிற தைரியம் போய்விடும். எசேக்கியாவுக்கு 15 வருஷம் கிடைத்ததும் அதே அதிகாரத்தில்தானே? கேட்காமல் இருப்பது பணிவு ஆகாது. ஆகவே சுகத்துக்கான ஜெபத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். அதை ஒழுங்காகச் செய்ய வழியும் எழுதுங்கள்.

நோயாளி விரும்பினால் மட்டும், மூப்பர்கள் இருவர் வரட்டும். எண்ணெய் ஒரு துளி, நெற்றியில். காயம், ஊசி ஏற்றிய இடம், கதிர்ச்சிகிச்சை கொடுத்த தோல் ஆகியவற்றின் மேல் எதையும் பூசக்கூடாது. கை வைப்பதற்கு முன் கேட்க வேண்டும், வயிற்றிலோ மார்பிலோ அழுத்தக் கூடாது. உபவாசம் குழுவினர் இருக்கட்டும். நோயாளியோ, சர்க்கரை நோய் மருந்து சாப்பிடும் உறவினரோ இருக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்து என்று ஜெபிப்பவர் ஒருபோதும் சொல்லக் கூடாது. சுகம் கிடைத்ததென்றால் மருத்துவரே பார்த்து மருந்தைக் குறைக்கட்டும், சாட்சி அதன் பிறகு சொல்லலாம்.

சுகம் வராவிட்டால் யாருடைய விசுவாசத்தையும் அளக்காதீர்கள். பவுலே தன் உடன் ஊழியர் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தார். தன் மாம்சத்தில் இருந்த முள் என்று அவர் சொன்ன வேதனைக்காக மூன்று முறை கேட்டும் அது நீங்கவில்லை. தானியேல் 3-இல் அக்கினிச் சூளையின் முன் நின்ற மூவர், "விடுவிக்க வல்லவர்" என்றும் சொன்னார்கள், "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் ஜெபிக்கக் குழுவுக்குக் கற்றுக்கொடுங்கள்.

---

உட்லண்ட்ஸ் வீட்டுக்குழு எழுதியது:

மிக்க நன்றி. ஜெப அறை எழுதியதை அப்படியே ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்கிறேன், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் என்று நினைக்கிறேன். உதவி நீடித்து நிற்பது பற்றி யாராவது?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

உதவி எப்போதும் முதல் இரண்டு வாரத்தில் வெள்ளமாக வந்து இரண்டாவது மாதத்தில் வற்றிவிடும். அன்பு குறைந்ததால் அப்படி ஆவதில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே உதவியை, அளவு குறிக்காமல் செய்வதால் ஆகிறது. அதனால் முதல் நாளே 12 வாரத்துக்கு அட்டவணை போடுங்கள். "எது வேண்டுமானாலும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், களைத்துப்போன குடும்பம் ஒருபோதும் போன் செய்து கேட்காது. "செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்கு நான் கூட்டிப்போகிறேன், சரியா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று சொல்வது சுலபம்.

ஒருங்கிணைப்பாளர் ஒருவர், குடும்பத்தில் பேசுவதற்கு ஒருவர். இந்த இருவருக்கு இடையில் மட்டும் தகவல் போகட்டும். வாட்ஸ்அப் குழுவில் ஸ்கேன் முடிவு, வார்டு எண், நோயாளியின் படம் எதையும் போடக்கூடாது. "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் ஒருவருடைய நோய் விவரம் ஜொகூர் வரை போய்விடுகிறது.

சாப்பாடு வாரத்தில் மூன்று இரவு போதும். ஏழு நாளும் கொடுத்தால் குளிர்பெட்டி நிறைந்து கெட்டுப்போகும், சமைப்பவர்களும் ஒரு மாதத்தில் ஓய்ந்துவிடுவார்கள். எண்ணெய், காரம், உப்பு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். திருப்பித் தர வேண்டிய டிங்காட்டில் (அடுக்குப் பாத்திரத்தில்) கொடுக்காதீர்கள். அதைக் கழுவித் திருப்பித் தருவதும் அவர்களுக்கு ஒரு வேலை. கதவருகே வைத்துவிட்டுச் செய்தி அனுப்புங்கள், உள்ளே போய் உட்காராதீர்கள்.

அதைவிட மதிப்புள்ள உதவி, பராமரிப்பவருக்கு வாரத்தில் மூன்று மணி நேரம் விடுதலை. மனைவியோ மகளோ வெளியே போய் முடி வெட்டிக்கொள்ளவும் தூங்கவும் ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும். இல்லப் பணிப்பெண் இருந்தால் அவரையும் கணக்கில் எடுங்கள். இரவு முழுவதும் விழித்து, புரட்டிப் படுக்கவைத்து, பகலில் சமைக்கவும் செய்பவர் அவர்தான். அவருக்கும் ஓய்வுநாள் கிடைக்கிறதா என்று கேளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டும் முறையைத் தாதியிடம் கற்ற ஒருவர் மட்டுமே செய்யட்டும். இழுத்துத் தூக்கினால் தோல் உரிந்து படுக்கைப்புண் தொடங்கும்.

பணம். முதலில் மருத்துவமனையின் மருத்துவ சமூக சேவையாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். மெடிஷீல்ட் லைஃப் காப்புறுதி, மெடிசேவ் மருத்துவச் சேமிப்பு எல்லாம் போக எஞ்சும் பாக்கிக்கு மெடிஃபண்ட் எனும் அரசு உதவி நிதி கிடைக்குமா என்று அவர்தான் சொல்ல முடியும். சபை அவசரப்பட்டு மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, பிறகு குடும்பத்துக்கு மாதச் செலவுக்கு எதுவும் இல்லாமல் போவதுண்டு. டாக்ஸி, டயபர், பால்மாவு, மின்கட்டணம் போன்றவற்றுக்குத்தான் சபைப் பணம் சரியாகப் பயன்படும். சேகரிப்பது சபைக் கணக்கு வழியாக மட்டும், தனிநபரின் பேநவ் (கைப்பேசி வழிப் பணமாற்று) எண்ணுக்கு வேண்டாம். இருவர் ஒப்புதல், ரசீது, மாதக் கணக்கு. பவுல் 2 கொரிந்தியர் 8:20-21-இல் காணிக்கையை எடுத்துச்செல்லத் தனியாகப் போகாமல், சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களையும் சேர்த்துக்கொண்டது எதற்கு? கர்த்தருக்கு முன் மட்டுமல்ல, மனிதருக்கு முன்னும் யோக்கியமாக இருக்கத்தான். கொடுத்தவர் பெயரும் தொகையும் ஆராதனையில் வாசிக்கப்படக் கூடாது, பெற்றவர் பெயரும்தான்.

---

துக்கவீட்டுப் பணி எழுதியது:

கலப்புக் குடும்பம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டில் ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருந்து, அடக்க முறை பற்றி எதுவும் சொல்லாமல் போனால், சவப்பெட்டி வந்த பிறகு சண்டை தொடங்கும். தகனமா அடக்கமா, யார் நடத்துவது, எந்தப் பாட்டு, மாலை போடலாமா, மகன் மொட்டை அடிக்கலாமா, பதினாறாம் நாள் உண்டா என்பதையெல்லாம் அவரே எழுதி, இந்து உறவினர் ஒருவர் முன்னிலையில் வாசித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மேலே ஒருவர் யோசேப்பைச் சொன்னார், இது அதுவேதான்.

சிங்கப்பூரில் இன்னும் புதிய அடக்கங்களுக்குத் திறந்திருப்பது சுவா சூ காங் கல்லறை ஒன்றுதான். அங்கும் 15 ஆண்டுக்குப் பிறகு தோண்டி எடுப்பார்கள். இது தெரியாமல் "அடக்கம்தான் வேதப்படி" என்று யாரையும் நெருக்காதீர்கள். மண்ணிலிருந்து எழுப்புகிறவரால் சாம்பலிலிருந்தும் எழுப்ப முடியும். கத்தோலிக்கத் திருச்சபை 1963 முதல் தகனத்தை அனுமதிக்கிறது, ஆனால் அஸ்தியைக் கடலில் தூவவோ வீட்டில் வைக்கவோ அல்லாமல் புனித இடத்தில் வைக்கச் சொல்கிறது. உங்கள் குழுவில் கத்தோலிக்க உறவினர்கள் இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் இறப்பு நேர்ந்தால் ஆம்புலன்ஸுக்குப் பதற வேண்டாம். ஏற்கெனவே வரும் ஹாஸ்பிஸ் குழுவின் எண்ணுக்கோ, வீட்டுக்கு வரும் மருத்துவருக்கோ அழையுங்கள். மருத்துவர் இணையத்தில் சான்றளித்ததும் இறப்பு தானாகப் பதிவாகிவிடும், 2022 மே 29 முதல் இதுதான் நடைமுறை. மின்னிலக்க இறப்புச் சான்றிதழை 30 நாளுக்குள் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கெடுவைத் துக்கத்தில் மறந்துவிடுவார்கள், குழுவில் ஒருவர் நினைவூட்டுங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் துக்கக் கூட்டம் நடத்த நகர மன்ற அனுமதியைச் சவப்பெட்டி நிறுவனமே பெரும்பாலும் வாங்கித் தரும். அனுமதிச் சீட்டில் உள்ள நேரத்தைப் பார்த்து மாலைக் கூட்டத்தை முடியுங்கள், மேல்மாடியில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் செய்தி 15 நிமிடம். இறந்தவர் எதை நம்பினார் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வந்திருக்கும் இந்து, முஸ்லிம் உறவினர்களைக் கைதூக்கச் சொல்லவோ, இறந்துபோன அவர்களுடைய பெற்றோர் எங்கே இருக்கிறார்கள் என்று பேசவோ வேண்டாம். நம்பிக்கையைக்குறித்து உத்தரவு சொல்வது சாந்தத்தோடு இருக்க வேண்டும் என்பது 1 பேதுரு 3:15-இலேயே உள்ளது. அவர்கள் பிணத்தைத் தொட்டு அழ விரும்பினால் இடம் விடுங்கள். அழுகையை அடக்கச் சொல்லும் "நாம் நம்பிக்கையுள்ளவர்கள்" என்ற பேச்சு தவறு. பவுல் தடுத்தது நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிப்பதை. துக்கத்தையே தடுக்கவில்லை. லாசருவின் கல்லறையில் கண்ணீர் விட்டவர், சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போவதை அறிந்தே விட்டார்.

பேசாமல் இருக்கும் தம்பி பற்றி மேலே ஒரு வரி வந்தது, அதை விட்டுவிடாதீர்கள். நோயாளி சம்மதித்தால் குழுவில் ஒருவர் அந்தத் தம்பியைத் தனியாகப் போய்ப் பார்த்து, "அண்ணன் பார்க்க விரும்புகிறார், பழைய கணக்கு எதுவும் பேச வேண்டாம்" என்று மட்டும் சொல்லட்டும். சந்திப்பை அரை மணி நேரத்துக்குள் வையுங்கள். மூன்றாவது ஆள் அறையில் இருக்க வேண்டாம். நம் ஊரிலேயே பெரிய உதாரணம் உண்டு. ஆங்கிலிக்கன் பேராயர் லெனர்ட் வில்சன் 1943-இல் ஜப்பானியரால் கொடிய சித்திரவதைக்கு ஆளானார், அப்போதே அவர்களுக்காக ஜெபித்தார். போர் முடிந்து 1947-இல், தன்னை வதைத்தவர்களில் ஒருவருக்குத் தன் கையாலேயே திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சபைச் சடங்கு) கொடுத்தார். மன்னிப்பவர் முதலில் நகர வேண்டியிருக்கிறது.

அடக்கத்துக்குப் பிறகு: ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், முதல் பிறந்தநாள், முதல் கிறிஸ்மஸ். இந்தத் தேதிகளைச் சபைக் காலண்டரில் அன்றே குறித்துவிடுங்கள். கிறிஸ்மஸுக்கு முன் மாதத்திலேயே, அன்றைக்கு மதியம் எங்கே சாப்பிடுவார்கள் என்று கேளுங்கள்.

---

படுக்கையருகே எழுதியது:

ஒன்று விட்டுப்போனது, பிள்ளைகள். வீட்டில் பள்ளி வயதுப் பிள்ளை இருந்தால் வகுப்பாசிரியருக்கோ பள்ளி ஆலோசகருக்கோ குடும்பம் முன்கூட்டியே சொல்ல உதவுங்கள். தேர்வுக் காலமாக இருந்தால் இன்னும் சீக்கிரம். பிள்ளையிடம், "நீ நன்றாக ஜெபித்தால் அப்பா பிழைப்பார்" என்று யாரும் சொல்லக்கூடாது. அப்பா இறந்தால் தன் ஜெபம்தான் போதவில்லை என்று அந்தப் பிள்ளை வருஷக்கணக்கில் சுமக்கும். "அப்பாவுக்கு நோய் கடுமையாக இருக்கிறது, டாக்டரால் குணமாக்க முடியவில்லை, இயேசு அப்பாவோடும் உன்னோடும் இருக்கிறார், உன்னால் எதுவும் கெட்டுப்போகவில்லை" என்று வயதுக்கு ஏற்றபடி சொல்லுங்கள். சவப்பெட்டியைப் பார்க்கலாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பார்க்க விரும்பினால் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். வேண்டாமென்றால் கூடவே உட்கார ஒரு பெரியவரை ஏற்பாடு செய்யுங்கள்.